மேயோவுக்குச் சாபம் இல்லை, கோல்தான் இல்லை

2025 ஜூன் 15. அயர்லாந்தின் ராஸ்காமன் நகரில் உள்ள ஹைட் பார்க் மைதானம். மேயோ கவுன்டி அணிக்கு அன்று வெற்றிகூடத் தேவையில்லை. சமநிலை கிடைத்தால் போதும், அடுத்த சுற்று உறுதி. எதிரே டோனிகால். ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கும்போது மேயோ சமன் செய்துவிட்டது. அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் டோனிகால் பந்தை மைதானத்தின் மறுமுனைக்குக் கொண்டுபோனது. கியரன் மோர் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பறந்தது. 0-19, 1-15. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். மேயோவின் 2025 சாம்பியன்ஷிப் அத்தோடு முடிந்தது.

வேறு கவுன்டிக்காரர்களாக இருந்தால் நேரம் சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். மேயோக்காரர்கள் அப்படிப் போவதில்லை. காரை எடுப்பதற்கு முன்பே விசாரணை ஆரம்பமாகிவிடும். சமன் செய்த பிறகு எதிராளியை அங்கேயே ஏன் மறிக்கவில்லை? கேவன் போன்ற அணியிடம் சொந்த ஊரில் எப்படித் தோற்றோம்? போன வருஷம் பெனால்டியில் என்ன ஆனது? இப்படிப் பின்னோக்கிப் போகும் விசாரணை 1951இல் போய்த்தான் நிற்கும்.

கேலிக் கால்பந்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அணிக்கு 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையில் வைத்துக்கொண்டே ஓடிக்கொண்டிருக்க முடியாது. நாலு எட்டுக்குள் தரையில் தட்ட வேண்டும், அல்லது காலில் தட்டித் தன் கைக்கே வாங்க வேண்டும். கோல் கம்பம் ரக்பியில் இருப்பதைப் போல உயரமானது. பந்து குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் 1 புள்ளி. கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. ஸ்கோரை 1-15 என்று எழுதினால் ஒரு கோலும் 15 புள்ளிகளும் என்று பொருள், மொத்தம் 18. 2025இல் வந்த புதிய விதிப்படி 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து கம்பிக்கு மேலே அடித்தால் 2 புள்ளி. கோலின் மதிப்பு மட்டும் மாறவில்லை. இந்தக் கோல் கணக்கைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேயோ விவகாரத்தில் அதற்கு வேலை இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1884இல் தொடங்கப்பட்ட கேலிக் விளையாட்டுச் சங்கம், அதாவது ஜிஏஏ, நடத்தும் இந்த ஆட்டத்தில் கவுன்டி வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு இரவில் பயிற்சிக்கு வருகிறவர்கள்தான் மறுவாரம் 82,000 பேர் முன்னால் ஆடுகிறார்கள். ஆட்டக்காரரைப் பணம் கொடுத்து வாங்கி வர முடியாது. எந்தக் கவுன்டியின் கிளப்பில் வளர்ந்தாரோ அந்தக் கவுன்டிக்கு ஆடுவதுதான் வழக்கம். ரசிகருக்கும் ஏறக்குறைய அதே விதி. ஐரோப்பியக் கால்பந்து ரசிகர் முதலாளியைத் திட்டலாம், கோடிகளில் வாங்கிய வீரரைத் திட்டலாம். மேயோ ரசிகர் யாரைத் திட்டுவது? ஃப்ரீ கிக்கைத் தவறவிட்டவர் மறுநாள் காலையில் கடையில் பால் வாங்க எதிரே வருவார்.

மேயோ அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. 1841இல் அங்கே ஏறக்குறைய 3.9 லட்சம் பேர் இருந்தார்கள். பிறகு பெரும் பஞ்சம் வந்தது, கப்பல் கப்பலாக மக்கள் போனார்கள். 2022 கணக்கெடுப்பில் சுமார் 1.38 லட்சம் பேர்தான். சொந்த ஊர் எது என்று கேட்டால் 'மேயோ, கடவுளே காப்பாற்று' என்று பதில் சொல்லும் பழக்கம் அந்தக் காலத்து வறுமையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். இப்போது அதைக் கால்பந்துக்காகச் சொல்கிறார்கள்.

இனி 1951. மேயோ 1936, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளில் அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றது. அதற்கான சாம் மகுவையர் கோப்பை அதன் பிறகு மேயோவுக்கு வரவே இல்லை. வராததற்கு ஊர் சொல்லும் காரணம் ஒரு சாபம். 1951இல் கோப்பையோடு திரும்பிய அணி ஃபாக்ஸ்ஃபோர்டு என்ற ஊர் வழியாக வந்ததாம். அங்கே ஒரு சாவு. வெற்றிக் களிப்பில் இருந்தவர்கள் மரியாதைக்குக்கூட நிற்காமல் ஆரவாரமாகக் கடந்து போனார்களாம். கோபம் கொண்ட பாதிரியார், இந்த அணியில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை மேயோவுக்குக் கோப்பை கிடையாது என்று சபித்துவிட்டாராம். அந்த அணியில் ஆடிய பேடி ப்ரெண்டர்காஸ்ட்டே இந்தக் கதையை நம்பியவர் அல்ல. ஆனால் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பத்திரிகைகள் அதைத் தூசு தட்டி எடுத்தன.

அந்த ப்ரெண்டர்காஸ்ட்தான் அணியில் கடைசியாக உயிரோடு இருந்தவர். 2021 செப்டம்பர் 26 அன்று காலமானார். அதற்குப் பதினைந்து நாள் முன்பு மேயோ இன்னொரு இறுதியாட்டத்தில் டைரோனிடம் தோற்றிருந்தது. கதைப்படி பார்த்தால் அன்றோடு சாபம் தீர்ந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? 2022இல் காலிறுதியில் வெளியே. 2023இலும் காலிறுதியில் வெளியே. 2024இல் காலிறுதிக்கு முந்தைய சுற்றிலேயே வெளியே. 2025இல் குழுச் சுற்றையே தாண்டவில்லை. சாபம் இருந்த காலத்தில் இறுதியாட்டம் வரையாவது போனார்கள்.

அதுவும் போகட்டும். சாபம் ஆண்கள் சீனியர் அணியை மட்டும் ஏன் பிடித்தது? மேயோ பெண்கள் அணி 1999, 2000, 2002, 2003 என்று நான்கு முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்றது. கோரா ஸ்டான்டன் ஆடிய அணி அது. 21 வயதுக்குட்பட்டோர் பட்டம் 2006இலும் 2016இலும் வந்தது. சிறுவர் அணி 2013இல் வென்றது. கிளப் அளவில் 2001இல் கிராஸ்மலினாவும் 2005இல் பலினா ஸ்டீபனைட்ஸும் அகில அயர்லாந்து சாம்பியன்கள். இவையெல்லாம் அதே மண்ணின் அணிகள்தான். ஆகவே பாதிரியாரை விட்டுவிட்டு ஸ்கோர் பலகையைப் பார்ப்போம்.

1951க்குப் பிறகு மேயோ அடுத்த இறுதியாட்டத்தைப் பார்க்கவே 38 ஆண்டு ஆயிற்று. 1989இல் கார்க்கிடம் மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. அன்றைய பயிற்சியாளர் ஜான் ஓ'மஹோனி மேயோக்காரர். ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர் ஒரு கவுன்டிக்கு சாம் மகுவையர் கோப்பையை வாங்கித் தந்தார். ஆனால் அந்தக் கவுன்டி கால்வே. 1998இலும் 2001இலும் பக்கத்து வீட்டுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தது நம்ம ஊர் ஆள் என்பதை மேயோ ரசிகர்கள் இன்றும் பாதிப் பெருமையோடும் பாதி எரிச்சலோடும் சொல்வார்கள்.

1996 இறுதியாட்டத்தில் மேயோ மீத்தைவிட ஆறு புள்ளி முன்னால் இருந்தது. அந்த முன்னிலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடைசியில் மீத்தின் கோல்ம் கோய்ல் தூரத்திலிருந்து உதைத்த பந்து தரையில் எகிறிக் குறுக்குக் கம்பிக்கு மேலே போய் ஆட்டம் சமனானது. மறு ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் இரு தரப்பும் கூட்டமாகக் கைகலந்தன. நடுவர் அணிக்கு ஒருவராக வெளியே அனுப்பினார்: மீத்தில் அதே கோய்ல், மேயோவில் லியம் மெக்ஹேல். மேயோவின் நடுக்களத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவர் மெக்ஹேல். ஒரு புள்ளியில் தோல்வி. இத்தனை ஆண்டு ஆகியும், அவரை வெளியே அனுப்பியது நியாயமா என்ற பேச்சு மேயோவின் கேஸில்பார் நகரில் இன்னும் முடியவில்லை.

1997 இறுதியாட்டத்தில் மேயோவை வீழ்த்திய கெர்ரி எடுத்த 13 புள்ளிகளில் 9 மோரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ஒரே ஆளுடையவை. 2004இல் அதே கெர்ரியிடம் எட்டுப் புள்ளியில் தோல்வி. 2006இல் நிலைமை இன்னும் மோசம். அந்த ஆண்டு அரையிறுதிக்கு முன்பு, டப்ளின் ரசிகர்களின் கோட்டையான ஹில் 16 பக்கமே போய் மேயோ வீரர்கள் பயிற்சி செய்து காட்டினார்கள்; கியரன் மெக்டொனால்ட் அடித்த அற்புதமான கடைசிப் புள்ளியால் டப்ளினை வீழ்த்தினார்கள். கவுன்டியே தலைகால் புரியாமல் ஆடியது. அடுத்த ஆட்டம், இறுதி: கெர்ரி 4-15, மேயோ 3-5. பதிமூன்று புள்ளி வித்தியாசம்.

இதுவரை சொன்ன தோல்விகளுக்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சிலவற்றில் எதிரணி நன்றாக ஆடியது, சிலவற்றில் மேயோ பயந்தது. ரசிகரின் உண்மையான வயிற்றெரிச்சல் 2011க்குப் பிறகு தொடங்குகிறது.

ஜேம்ஸ் ஹோரன் பயிற்சியாளராக வந்த ஆண்டு அது. அவரது முதல் சாம்பியன்ஷிப் ஆட்டம் லண்டன் ரைஸ்லிப்பில், லண்டனுக்குப் போன ஐரிஷ்காரர்களின் அணியோடு. கூடுதல் நேரம் போய்த்தான் மேயோ தப்பியது. அன்று அந்த மைதானத்தில் இருந்த யாரிடமாவது, அடுத்த பத்தாண்டுகளில் இந்த அணி ஆறு இறுதியாட்டம் ஆடும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அதே கோடையில் நடப்புச் சாம்பியன் கார்க்கை வீழ்த்தியது மேயோ. 2011 முதல் 2015 வரை தொடர்ந்து ஐந்து கொனாக்ட் மாகாணப் பட்டம். லீ கீகன், கோல்ம் பாய்ல், கீத் ஹிக்கின்ஸ் போன்ற தடுப்பாட்டக்காரர்கள் பந்தோடு முன்னேறிப் பாய்வதைப் பார்க்கவே ஆள் கூடியது.

பிறகு வந்த இறுதியாட்டங்களை வரிசையாகப் பாருங்கள். 2012, டோனிகால்: மூன்றாவது நிமிடத்தில் மைக்கேல் மர்ஃபி கோல், பதினொன்றாவது நிமிடத்தில் கோல்ம் மெக்ஃபேடன் கோல். மேயோ மூச்சு வாங்குவதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போயிற்று. 2013, டப்ளின்: பெர்னார்ட் ப்ரோகனின் இரண்டு கோல்கள், ஒரு புள்ளியில் தோல்வி. கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபோது கிடைத்த ஃப்ரீயைக் கில்லியன் ஓ'கானர் கம்பிக்கு மேலே அடித்து வித்தியாசத்தை ஒன்றாக்கினார். இன்னொரு தாக்குதலுக்கு நேரம் இருக்கும் என்ற கணக்கு. இருக்கவில்லை.

2014இல் இறுதிவரை போகவில்லை, ஆனால் அந்த ஆண்டின் ஆறாத கோபமும் இந்தப் பட்டியலில் வர வேண்டும். கெர்ரியோடு அரையிறுதி சமனானது. மறு ஆட்டத்துக்கு, பெரிய ஆட்டங்கள் நடக்கும் டப்ளின் மைதானமான குரோக் பார்க் கிடைக்கவில்லை. அமெரிக்கக் கல்லூரி அணிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்துக்கு அதே நாளில் மைதானத்தைக் கொடுத்திருந்தார்கள். அகில அயர்லாந்து அரையிறுதியின் மறு ஆட்டத்தை லிமெரிக்குக்குத் தள்ளினார்கள். கூடுதல் நேரத்தில் கெர்ரி 3-16, மேயோ 3-13. சொந்த ஆட்டத்துக்குச் சொந்த மைதானத்தில் இடமில்லை என்ற ஆத்திரம் நியாயமானது. அது கெர்ரிக்கும் பொருந்தும் என்பதை மட்டும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

2016 இறுதி, மீண்டும் டப்ளின். டப்ளின் கணக்கில் இரண்டு கோல்கள். இரண்டையும் அடித்தவர்கள் மேயோக்காரர்கள்! கெவின் மெக்லாஃப்லின் மீதும் கோல்ம் பாய்ல் மீதும் பட்டுப் பந்து சொந்த வலைக்குள் போனது. அப்படியும் மேயோ விடவில்லை. ஓ'கானர் காயநேரத்தில் சமன் செய்தார். மறு ஆட்டத்துக்கு முன்பு பயிற்சியாளர் ஸ்டீபன் ராச்ஃபோர்ட் கோல்கீப்பரை மாற்றினார். டேவிட் கிளார்க் வெளியே, ராப் ஹெனெல்லி உள்ளே. கிளார்க்கின் கிக்-அவுட்களை டப்ளின் அடைத்துவிடும், ஹெனெல்லியின் நீண்ட உதை உதவும் என்பது காரணம். காரணம் காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. ஆட்டத்தில் ஹெனெல்லி பந்தை நழுவவிட்டார், எதிராளியை இழுத்தார், கறுப்பு அட்டையும் பெனால்டியும் கிடைத்தன. டியர்மிட் கானலி பெனால்டியை வலைக்குள் தள்ளினார். 1-15, 1-14. அந்த ஆண்டின் சிறந்த கோல்கீப்பருக்கான ஆல் ஸ்டார் விருது பின்னர் யாருக்குப் போனது தெரியுமா? மறு ஆட்டத்தில் உட்கார வைக்கப்பட்ட டேவிட் கிளார்க்குக்கு.

2017இல் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. மறுபடியும் டப்ளினோடு இறுதி. இரண்டாவது நிமிடத்திலேயே டப்ளினின் கான் ஓ'கலஹன் கோல் போட்டுவிட்டார். மேயோ மீண்டு வந்து சமமாக ஆடியது. டப்ளினின் ஜான் ஸ்மால் முரட்டுத்தனமாக மோதி இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறப்போகிறார். ஃப்ரீயும் மேயோவுக்கு, ஆள்பலமும் மேயோவுக்கு. அந்த நொடியில் டோனல் வான் ஓடிவந்து ஸ்மாலை மோதி நேரடி சிவப்பு அட்டை வாங்கினார். ஆள்பலம் சமம், ஃப்ரீயும் போச்சு. கடைசியில் ஓ'கானரின் ஃப்ரீ கம்பத்தில் பட்டுத் திரும்பியது. டப்ளினின் டீன் ராக் உதைத்த ஃப்ரீ கம்பத்தில் படவில்லை. ராக் உதைக்க ஓடிவரும்போது லீ கீகன் தன் உடம்பிலிருந்த ஜிபிஎஸ் கருவியைக் கழற்றிப் பந்தை நோக்கி எறிந்ததை நாடே பார்த்தது. இகழ்ந்தவர்களும் உண்டு. ஆனால் மேயோவில் பலருக்கு அதைப் பார்த்ததும் மனசு ஆறியது. தங்கள் தவிப்பு அந்த ஆளிடமும் இருக்கிறது என்று தெரிந்ததே போதும்.

2020 இறுதி டிசம்பரில், கொரோனாவால் ஆளில்லாத குரோக் பார்க்கில் நடந்தது. டீன் ராக் 12 நொடிகளில் கோல் அடித்தார். இறுதியாட்ட வரலாற்றிலேயே வேகமான கோல். 2021இல் நிலைமை மாறும் என்றே தோன்றியது. அரையிறுதியில் டப்ளினின் ஆறு ஆண்டு ஆதிக்கத்தை மேயோ முடித்து வைத்தது. தோல்வி உறுதியான நேரத்தில் 45 மீட்டரிலிருந்து சமன் செய்யும் உதையை அடித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? 2016இல் பழியெல்லாம் சுமந்த அதே ராப் ஹெனெல்லி. கூடுதல் நேரத்தில் மேயோ வென்றது. இறுதியில் டைரோன், டப்ளினும் இல்லை, கெர்ரியும் இல்லை. ரயன் ஓ'டானஹியூவின் பெனால்டி வீணானது, வேறு கோல் வாய்ப்புகளும் வீணாயின. டைரோன் இரண்டு வாய்ப்பை இரண்டு கோலாக்கியது. 2-14, 0-15.

இப்போது கணக்குப் போடுவோம். 2012 முதல் 2021 வரை, 2016இன் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து, மேயோ ஏழு முறை இறுதியாட்டக் களத்தில் நின்றது. கம்பிக்கு மேலே அடித்த புள்ளிகளை மட்டும் கூட்டினால் மேயோ 102, எதிரணிகள் 92. அதாவது மேயோதான் பத்துப் புள்ளி அதிகம்! இனி கோல்கள்: மேயோ 3, எதிரணிகள் 12. ஒன்பது கோல் குறைவு என்றால் 27 புள்ளி. பத்து கூட்டி இருபத்தேழைக் கழித்தால் 17 புள்ளி பள்ளம். அந்த ஏழு ஆட்டங்களின் வித்தியாசம் சரியாக அவ்வளவுதான்.

அந்த மூன்று கோல்களையும் பிரித்துப் பாருங்கள். ஒன்று 2013இல் ஆண்டி மோரன் அடித்தது. மீதி இரண்டும், 2016 மறு ஆட்டத்திலும் 2017இலும், லீ கீகன் அடித்தவை. கீகன் தடுப்பாட்டக்காரர். ஏழு இறுதியாட்டங்களில் மேயோவின் முன்வரிசை முழுவதும் சேர்ந்து எதிரணி வலைக்குள் போட்ட பந்து ஒன்றே ஒன்று. 2012, 2020, 2021 இறுதிகளிலும் 2016இன் முதல் ஆட்டத்திலும் பூஜ்யம்.

மேயோவில் அடிக்கத் தெரிந்தவர்களே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கில்லியன் ஓ'கானர் சாம்பியன்ஷிப் வரலாற்றில் அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற சாதனையை 2019இல் கெர்ரியின் கோல்ம் கூப்பரிடமிருந்து பறித்தவர். 2020 அரையிறுதியில் டிப்பரரிக்கு எதிராக அவர் ஒருவரே 4-9 அடித்தார். மேயோ அன்று ஐந்து கோல் போட்டது. அடுத்த ஆட்டம் டப்ளினோடு இறுதி. ஒரு கோலும் இல்லை. கோல் வாய்ப்பை உண்டாக்குவது ஒரு திறமை. இறுதியாட்டத்தில், ஒரு புள்ளி நிச்சயம் என்று கம்பிக்கு மேலே தட்டிவிடாமல் மூன்றுக்கு முயல்வது வேறு திறமை. அதற்கான ஆளும் துணிச்சலும் டப்ளினிடம் எப்போதும் இருந்தன. மேயோவின் ஆட்டமோ பின்வரிசையிலிருந்து ஓடிவந்து புள்ளி எடுக்கும் ஆட்டம். அது அழகானது, 102 புள்ளி தந்தது. கோப்பை தரவில்லை.

வாங்கிய 12 கோல்களிலும் ஒரு தன்மை உண்டு. 2012இல் இரண்டு, 2017இல் ஒன்று, 2020இல் ஒன்று என நான்கு கோல்கள் ஆட்டம் சூடு பிடிப்பதற்கு முன்பே விழுந்தவை. இரண்டு தானே போட்டுக்கொண்டவை. ஒன்று கோல்கீப்பரை மாற்றியதால் வந்த பெனால்டி. பன்னிரண்டில் ஏழு! இவற்றில் எதற்கும் ஃபாக்ஸ்ஃபோர்டு பாதிரியார் பொறுப்பல்ல. ஆட்டத்தின் முதல் பத்து நிமிடத்துக்குத் தடுப்பாட்டத்தை எப்படி நிறுத்துவது என்பது பயிற்சித் திடலில் தீர்க்க வேண்டிய விஷயம்.

டப்ளின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு பட்டம் வென்ற அணி அது. கவுன்டியில் 14.5 லட்சம் பேர், மேயோவைப் போலப் பத்து மடங்குக்கு மேல். பெரிய ஆட்டங்கள் நடக்கும் குரோக் பார்க் அவர்கள் ஊரில். மேயோ ரசிகர் கேஸில்பாரிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் வர வேண்டும். வளர்ச்சி நிதியில் டப்ளினுக்குக் கிடைத்த பங்கு பற்றிய சச்சரவு தனிக் கதை. அந்த டப்ளினை மூன்று இறுதிகளில் ஒரு புள்ளிக்குள் மடக்கிய ஒரே அணி மேயோ என்பதும் உண்மை. ஆனால் டோனிகாலுக்கும் டைரோனுக்கும் இந்தச் சாக்கு பொருந்தாது. மக்கள்தொகையில் அவை டப்ளினைவிட மிகச் சிறிய கவுன்டிகள். 2024இல் கோப்பையைத் தூக்கிய அர்மாவும் பெரிய கவுன்டி அல்ல.

அதனால்தான் இப்போதைய கோபம் வேறு மாதிரி. 2012 முதல் 2021 வரை ரசிகர் அழுதார். 2022க்குப் பிறகு அலுத்துக்கொள்கிறார். 2022 முதல் 2025 வரை கொனாக்ட் பட்டம் நான்கும் கால்வேக்குப் போயின. சொந்த மைதானமான மெக்ஹேல் பார்க் எதிரணிகளுக்கு இப்போது அச்சம் தருவதில்லை. 2022இல் கால்வேயிடம், 2023இல் ராஸ்காமனிடம், 2024இல் டெர்ரியிடம் பெனால்டியில், 2025 கொனாக்ட் இறுதியில் மறுபடி கால்வேயிடம், அதன் பிறகு கேவனிடம் தோல்வி. எல்லாம் கேஸில்பாரிலேயே. இடையில் 2023இல் தேசிய லீக் பட்டம் வந்தது. லீக் கோப்பையோடு ஏப்ரலில் சிரித்தவர்கள் ஒரு வாரத்தில் ராஸ்காமனிடம் தோற்றார்கள்.

நிர்வாகம் பற்றிய புகார் இன்னும் பழையது. 2015இல் இறுதியாட்ட வாசல்வரை கொண்டுபோன இரட்டைப் பயிற்சியாளர்கள் பேட் ஹோம்ஸ், நோயல் கானலி மேல் வீரர்களே நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள், இருவரும் விலகினார்கள். அடுத்து வந்த ராச்ஃபோர்ட் இரண்டு இறுதி கண்டார், 2018இல் நியூபிரிட்ஜில் கில்டேரிடம் தோற்ற சில வாரங்களில் போய்விட்டார். ஹோரன் திரும்பி வந்தார், மேலும் இரண்டு இறுதி தோற்றார். 2022இல் வந்த கெவின் மெக்ஸ்டே 2025 தோல்விக்குப் பிறகு பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஒவ்வொரு முறையும் ஆள் மாறுகிறது. முன்வரிசைக்குக் கோல் அடிக்கும் பையன்களை 14, 15 வயதிலிருந்து யார் வளர்க்கிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வருவதில்லை.

ரசிகர்களிடமும் ஒரு குறை உண்டு. தோல்வி வந்ததும் ஏடன் ஓ'ஷேயைத் தேடிப் பிடிப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. 2009இல் அறிமுகமாகி 2025வரை ஆடிக்கொண்டிருந்த மனிதர், மூன்று ஆல் ஸ்டார் விருது வாங்கியவர். உயரமான ஆள், எல்லோருக்கும் தெரிந்த முகம், ஆகவே எல்லாப் பழியும் அவர் தலையில். சம்பளம் வாங்காமல் பதினாறு ஆண்டு உழைத்தவரை இணையத்தில் ஏசுவது விமர்சனம் ஆகாது. அவரை நடுக்களத்தில் நிறுத்துவதா, கோல் முன்னால் நிறுத்துவதா என்று ஒவ்வொரு பயிற்சியாளரும் மாற்றி மாற்றி முயன்றதே முன்வரிசைப் பஞ்சத்துக்குச் சாட்சி.

2025 ஆகஸ்டில் அடுத்த பயிற்சியாளராக ஆண்டி மோரன் அறிவிக்கப்பட்டார். 2017இல், 33 வயதில், கோலுக்கு மிக அருகே நின்று ஆடி ஆண்டின் சிறந்த வீரர் விருது பெற்றவர். அந்த ஏழு ஆட்டங்களில் கோல் போட்ட ஒரே மேயோ முன்வரிசைக்காரர். கவுன்டி நிர்வாகம் செய்த தேர்வுகளில் இது பொருத்தமானது. மேயோ ரசிகர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது: அடுத்த தோல்விக்குப் பிறகும் யாராவது ஃபாக்ஸ்ஃபோர்டு கதையை எடுத்தால் பேச்சை மாற்றுங்கள். கவுன்டி நிர்வாகக் கூட்டத்துக்குப் போங்கள். முதல் பத்து நிமிடத் தடுப்பாட்டத்துக்கு என்ன திட்டம், கோல் அடிக்க யாரைத் தயார் செய்கிறீர்கள் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள்.